தீவைக் காட்டலாம், வழியைக் காட்டலாமா?

தமக்கு இனித்த ஒன்றை நண்பருக்கு அறிமுகப்படுத்தி, அவர் முகம் மலர்வதைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. நல்ல நூல் ஒன்று கிடைத்தால், படித்து முடித்த கையோடு அதை யாரிடம் கொடுக்கலாம் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. நல்ல பாட்டைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுக் 'கேளுங்கள்' என்கிறோம். இதில் வியப்பேதும் இல்லை. ஆனால் நாம் தரும் பொருள் ஒரு கணிப்பொறி விளையாட்டாக இருந்தால், இம்மகிழ்ச்சி வேறொரு வடிவம் கொள்கிறது. அதனுடன் ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. அப்பொறுப்பை நாம் பிழைபட உணர்ந்ததையும், பின்னர் திருந்தியதையும் கொண்டு ஒரு விளையாட்டை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலைக் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடலாம். வாங்கியவர் தனியே படிப்பார். திரைப்படத்தை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். ஆனால் படம் யாருக்காகவும் நிற்பதில்லை. விளையாட்டோ நண்பர் கை வைத்தால்தான் நகரும். அவர் தயங்கினால் அதுவும் காத்திருக்கும். அருகில் அமர்ந்திருக்கும் நமக்கு விடை தெரியும், அவருக்குத் தெரியாது. இந்த நிலையில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் அறிமுகத்தின் தரம் அடங்கியிருக்கிறது.

நாம் சொல்லவரும் விளையாட்டின் பெயர் 'மிஸ்ட்'. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் நகரை ஒட்டிய பகுதியில் வாழ்ந்த ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர், சயான் என்ற தம் சிறு நிறுவனத்தின் வழியே இதனை உருவாக்கினர். இது 1993 ஆம் ஆண்டு செப்டம்பரில் முதலில் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கு வெளிவந்தது. அதற்கு முன் அவர்கள் செய்தவை சிறுவர்க்கான விளையாட்டுகள். மிஸ்ட் ஏறத்தாழ 2,500 அசையாப் படங்களால் ஆனது. படத்தில் ஓர் இடத்தைச் சுட்டியால் தொட்டால் அடுத்த படம் வரும்; அதுவே ஓர் அடி எடுத்து வைத்ததாகும். பெயருக்குத் தூண்டுதலாக அமைந்தது ஷூல் வேர்ன் எழுதிய மர்மத் தீவு பற்றிய புதினம். விற்பனை 60 இலட்சம் படிகளைக் கடந்தது. 2002 இல் 'தி சிம்ஸ்' முந்தும் வரை, கணிப்பொறி விளையாட்டுகளுள் மிகுதியாக விற்றது இதுவே.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஆளரவமற்ற ஒரு தீவின் படகுத்துறையில் நாம் நிற்கிறோம். எங்கே வந்தோம், ஏன் வந்தோம் என்று சொல்வார் இல்லை. விதிகள் எவையென்று கற்பிப்பாரும் இல்லை. தீவில் ஒரு நூலகம் உண்டு. நூல்கள் பல எரிந்து கிடக்கின்றன. சிவப்பு நூல் ஒன்றும் நீல நூல் ஒன்றும் அங்குள்ளன. அவற்றுள் சிரஸ், அக்கெனார் என்னும் உடன்பிறந்தார் இருவர் சிறைப்பட்டிருந்து, 'என் நூலின் விடுபட்ட பக்கங்களைக் கொண்டு வா, மற்றவனை நம்பாதே' என்ற பொருள்பட இரைச்சலினூடே பேசுகின்றனர். அப்பக்கங்கள் வேறு நான்கு உலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவ்வுலகங்களுக்குச் செல்லும் வழிகளும் நூல்களே. பகைவர் யாரும் இல்லை, படைக்கலம் இல்லை, கடிகாரம் விரட்டுவதில்லை. இறுதியில் செய்யும் பிழையான தேர்வைத் தவிர, தோற்றுப்போக இடமே இல்லை.

இதன் தனித்தன்மையை அறிய இன்னொரு புகழ்பெற்ற விளையாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். 1984 இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' விளையாட்டை அமைத்தார். விளம்பரம் ஏதுமின்றி, நெகிழ்தட்டுகளில் படியெடுக்கப்பட்டு, நண்பர் நண்பருக்குக் கொடுத்தே அது பரவியது. டெட்ரிஸைக் காட்ட ஒரு நிமிடம் போதும். விழும் துண்டுகளை அடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் சொல்ல வேண்டியது முடிந்தது. அங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயிரம் முறை ஆடியவரும் முதல் முறை ஆடுபவரும் ஒரே துண்டுகளையே எதிர்கொள்கின்றனர். கைப்பழக்கம் ஒன்றே வேறுபாடு.

மிஸ்ட் இதற்கு நேர் எதிரானது. இங்கே கைத்திறன் சிறிதும் வேண்டியதில்லை. அறிவு ஒன்றே திறவுகோல். தீவின் பொறிகளுக்கான விடை தெரிந்த ஒருவர், தொடக்கத்திலிருந்து சில நிமிடங்களில் இறுதிக் காட்சியை அடைந்துவிட முடியும்; நான்கு உலகங்களுக்கும் போகவே வேண்டாம். வாரக்கணக்கில் நீளும் பயணம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்கான அறிவைத் தேடிப் பெறுவதே. ஆகவே, விடையைச் சொல்லும் நண்பர் உதவி செய்பவர் ஆகார். விளையாட்டையே பறித்துக்கொள்பவர் ஆவார். 'வாயைத் திறவாதே' என்பதே மிஸ்டை அறிமுகப்படுத்துவோருக்கு வழிவழியாக வரும் அறம். நாமும் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

1990களின் இறுதியில் குறுந்தகட்டில் இவ்விளையாட்டைப் பெற்று, பல இரவுகள் விழித்து ஆடி முடித்தோம். அதன் பின் யாருக்கும் அதைக் காட்ட வாய்க்கவில்லை. அண்மையில், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியரான நம் நண்பர், துணைவியார் மறைந்தபின் மாலைப் பொழுதுகளைக் கழிக்க வழி தெரியாதிருந்தார். 'எதையும் படிக்கப் பிடிக்கவில்லை, சாமி' என்றார். அப்போது நமக்கு அந்தத் தீவு நினைவுக்கு வந்தது. மிஸ்ட் பின்னாளில் முப்பரிமாண வடிவங்களிலும் புதுக்கப்பட்டு வெளிவந்திருக்கிறது. எனினும் நாம் அறிந்த பழைய படவடிவத்தையே அவர் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அருகில் வைத்தோம். விளையாட்டு முதலில் விற்பனைக்கு வந்தபோது, பெட்டிக்குள் வெற்றுத்தாள்கள் கொண்ட ஒரு குறிப்பேட்டையும் வைத்தே கொடுத்தார்கள். படைத்தவர்கள் ஆடுபவரை மதித்தார்கள் என்பதற்கு அது ஒன்றே சான்று.

முதல் மாலை நாம் எதிர்பார்த்ததினும் இனிதாய் அமைந்தது. புல்தரையில் கிடந்த கடிதத்தை நண்பர் கண்டெடுத்தார். மின்னாக்கி அறைக்குள் சென்றார். அங்குள்ள பத்துப் பொத்தான்கள் வெவ்வேறு அளவு மின்னழுத்தம் தருபவை. கூட்டுத்தொகை சரியாக 59 வோல்ட் ஆக வேண்டும். மிகுந்தால் தொடர்பு அறுந்துவிடும். நண்பர் ஒருமுறை மிகுதியாக்கிவிட்டார். எல்லாம் அணைந்தது. நாம் மூச்சடக்கிக் காத்திருந்தோம். அவரோ, 'எங்கேயோ ஃப்யூஸ் போயிருக்கிறது, கம்பத்தில் ஏறிப் பார்க்க வேண்டும்' என்று தமக்குள் முணுமுணுத்தபடி, நேரே வெளியே போய்க் கம்பத்தின் ஏணியைத் தேடினார். நாம் முதன்முறை ஆடியபோது அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று. நம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பல மாதங்களுக்குப் பின் அவர் அன்று சிரித்ததைக் கண்டோம்.

மின்சாரம் கிடைத்ததும் தீவில் நிற்கும் விண்கலத்தின் கதவு திறந்தது. நம் அறியாமையும் அங்கேதான் வெளிப்பட்டது. கலத்தின் ஒரு முனையில் ஓர் இசைப்பெட்டி. மறுமுனையில் ஐந்து நகர்த்துகோல்கள். நூலகத்துக் குறிப்பேடு ஒன்றில் வரைந்துள்ள ஐந்து சுரங்களை இசைப்பெட்டியில் கேட்டு, சுருதியை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுனைக்குச் சென்று ஒவ்வொரு கோலையும் அதே சுருதிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். செய்ய வேண்டியது என்ன என்பதை நண்பர் உடனே புரிந்துகொண்டார். ஆனால் கோல்கள் அமையவில்லை. ஒரு மாலை போயிற்று. 'பொறுமையாகச் செய்யுங்கள், சார்' என்றோம். மறுமாலையும் அவ்வாறே. 'காதைக் கூர்மையாக்குங்கள்' என்று புன்னகைத்தோம். மூன்றாம் மாலையில் அவர் சுட்டியைக் கீழே வைத்துவிட்டு, 'எனக்கு இது வேண்டாம். எழுந்து கொள்ளலாம்' என்றார். குரலில் இருந்தது சலிப்பன்று, நாணம். அப்போதுதான் நமக்கு உறைத்தது. பேச்சை அவரால் ஓரளவு பின்தொடர முடிந்தது. சுருதியின் நுண்ணிய வேறுபாடுகளோ அவர் செவிக்கு எட்டவில்லை. முதுமையில் பலரும் செய்வதுபோல் அவர் அதை எவரிடமும் சொல்லாமல் மறைத்திருந்தார்.

நாம் மேற்கொண்ட மௌனத்தை மூன்று மாலைகளாக ஒரு நற்பண்பென்று கருதியிருந்தோம். உண்மையில் அது கவனமின்மையாக இருந்தது. புதிரின் முன் தவிப்பவரையும், கதவே அடைக்கப்பட்டு வெளியே நிற்பவரையும் நாம் ஒன்றாகவே எண்ணிவிட்டோம். முன்னவருக்கு மௌனம் கொடை; பின்னவருக்கு அது கொடுமை. இருவரையும் பிரித்தறிய விடை தெரிந்திருந்தால் போதாது. அருகில் இருக்கும் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோமே அன்றி நண்பரைப் பார்க்கவில்லை.

இங்கே விளையாட்டின் மீதும் குறை சொல்லியாக வேண்டும். பழைய மிஸ்டில் விண்கலப் புதிருக்கும், அதன் வழியே செல்லும் செலெனிட்டிக் என்னும் உலகின் புதிர்களுக்கும் செவியே வாயில். கண்ணால் அறிய மாற்றுவழி அமைக்கப்படவில்லை. எவரையும் அவசரப்படுத்தாத, எவரையும் தண்டிக்காத ஒரு படைப்பு, கேளாச் செவியினரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ராபின் மில்லர் தாமே இதன் இசையை அமைத்தவர். ஒலியைப் பொருள் தாங்கும் ஊடகமாக்கிய அவர்களது துணிவு பாராட்டத்தக்கதே. ஆனால் தமக்குள்ள புலன் எல்லார்க்கும் உண்டு என்று கொள்வது, படைப்போரும் நம்மைப் போன்று அறிமுகப்படுத்துவோரும் ஒருங்கே செய்யும் பிழை.

மன்னிப்புக் கேட்டோம். விடையைச் சொல்லிவிடவும் முன்வந்தோம். நண்பர் தலையசைத்து மறுத்தார். சற்று நேரம் கழித்து, 'சாமி, ஒலியை மட்டும் சொல்லுங்கள்; பொருளைச் சொல்ல வேண்டாம்' என்றார். இந்த ஒரு வாக்கியம், அறிமுகக் கலையைப் பற்றி நாம் அதுவரை எண்ணியிருந்த அனைத்தையும் திருத்தி அமைத்தது. அவர் கோலை நகர்த்தினார். நாம் 'மேலே', 'இன்னும் சற்றுக் கீழே', 'ஒன்றாகிவிட்டது' என்றோம். எந்தச் சுரம், எந்த வரிசை என்பதை அவரே குறிப்பேட்டிலிருந்து எடுத்தார். நாம் அவருக்குச் செவியாக இருந்தோமே ஒழிய, மூளையாக இருக்கவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. விண்கலத்தில் புறப்படுமுன் நண்பர் நிதானித்தார். 'நான் ஏற்கெனவே போய்வந்த இயந்திர உலகத்திலும் ஒலிகள் இருந்திருக்கும், எனக்குத்தான் கேட்கவில்லை' என்று கூறி, அங்கே மறுபடி சென்றார். அவ்வுலகில் ஒரு கோட்டையே சுழன்று திசை மாறும். ஒவ்வொரு திசையிலும் நிற்கும்போது ஒவ்வோர் ஒலி எழும். நாம் ஒலிகளை வாயால் ஒலித்துக் காட்ட, அவர் நோட்டுப் புத்தகத்தில் நான்கு திசைகளுக்கு எதிரே நான்கு பெயர்களை எழுதிக்கொண்டார். அது எதற்குப் பயன்படும் என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. பின்னர் செலெனிட்டிக் உலகில், நிலத்தடிச் சுரங்கங்களின் பின்னலுக்குள் ஒரு வண்டியில் செல்ல வேண்டிய கட்டம் வந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் ஒலி எழுகிறது. நாம் சொன்னோம், அவர் பட்டியலைப் பார்த்துத் திசை தேர்ந்தார். ஓரிடத்தில் பட்டியலில் இல்லாத ஒலி வந்தது. 'இரண்டு ஒலிகள் சேர்ந்தாற்போல் இருக்கிறது' என்றோம். அவர் ஒரு நொடிகூடத் தாமதியாமல், 'அப்படியானால் இரண்டு திசைகளுக்கும் இடைப்பட்ட திசை' என்று வண்டியைத் திருப்பினார்.

வாசகர்க்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நல்ல செவியோடு இதே சுரங்கத்தை முன்னொருகாலத்தில் கடந்த நாம், அவ்வொலிகளின் பொருளை அறியாமலே கடந்தோம். திரும்பத் திரும்ப முட்டிமோதி, தற்செயலாக வெளியே வந்தோம். அந்தச் சுரங்கத்தை ஒரு சலிப்பூட்டும் கட்டம் என்றே இத்தனை ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்தோம். அது எவ்வளவு நேர்த்தியான புதிர் என்பதை, ஒலிகளைக் கேளாத ஒருவர் நமக்குக் காட்டினார். நாம் அறிமுகப்படுத்திய விளையாட்டை அன்று அவர் நமக்கு அறிமுகப்படுத்தினார். திறனாய்வாளர் என்ற முறையிலும் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரு புதிருக்கான திறவு வேறோர் உலகில் வைக்கப்பட்டிருப்பதைக் குறையென்று நாம் முன்னர் சொல்லிவந்தோம். குறிப்பெழுதும் பழக்கமுள்ள ஆடுநரை மனத்தில் கொண்டு அமைத்த ஒழுங்கு அது என்று இப்போது தெரிகிறது.

இனிக் கதையின் உட்பொருளுக்கு வருவோம். சிறைப்பட்ட இருவரும் தம்மைத் தூயோர் என்கின்றனர். பக்கங்கள் சேரச் சேரப் பேச்சுத் தெளிகிறது; பேச்சுத் தெளியத் தெளிய ஐயம் வளர்கிறது. ஆயின் படைப்பாளிகள் தம் தீர்ப்பைப் பேச்சில் வைக்கவில்லை, அறைகளில் வைத்துள்ளனர். அவ்வுலகங்களுள் பெரும்பாலானவற்றில் இருவரும் வாழ்ந்த அறைகள் உண்டு. ஒருவனுடையவை செல்வச் செழிப்பு மிக்கவை; மற்றவனுடையவை வதைக்கருவிகளும் அச்சமூட்டும் பொருள்களும் நிறைந்தவை. அறைகளை நிதானமாகப் பார்த்தவர்க்குச் சொற்கள் பொய்யென்று புரியும். இறுதிக் கட்டத்தில் இருவரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர்: அங்கே ஒரு பச்சை நூல் கிடைக்கும், அதைத் தொடவே கூடாது என்கின்றனர். இங்கும் நாம் வாய் திறவாமல் இருந்தோம்; ஆனால் இம்முறை திரையை அன்று, நண்பரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவர். 'ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் இரண்டு பையன்கள் சேர்ந்து ஒரு மேசையறையைத் திறக்காதீர்கள் என்றால், முதலில் திறக்க வேண்டியது அதைத்தான்' என்று சொல்லிப் பச்சை நூலைத் திறந்தார். அதில் அவ்விருவரின் தந்தையான ஆட்ரஸ் இருந்தார். அவர் கேட்ட வெள்ளைப் பக்கத்தைத் தீவிலேயே தேடி எடுத்துச்சென்று நண்பர் பயணத்தை நிறைவு செய்தார்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மில்லர் உடன்பிறந்தார் இருவருமே கதைமாந்தராய் நடித்துள்ளனர்; அந்நடிப்பு சில இடங்களில் மிகையாக ஒலிக்கிறது. அசையாப் படங்களின் வரிசை என்பதால், இன்றைய கண்ணுக்கு நடை தடைப்பட்டுத் தோன்றும். வெற்றி முரசும் பரிசும் எதிர்பார்ப்போர் முடிவைக் கண்டு ஏமாறுவர். ஆட்ரஸ் நன்றி கூறி, விரும்பிய வரை சுற்றிப் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார், அவ்வளவே. ஆனால் தனிமையில் வாடிய ஒருவருக்கு முன் இதை வைத்துப் பார்த்தபின், அந்த அமைதியான முடிவு குறையாகத் தோன்றவில்லை. ஆளில்லாத தீவு ஒன்றில், பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருக்க நடந்து திரிவது, உண்மையில் தனிமை ஆகாது. தனியொருவர் ஆடுவதற்கென்றே அமைந்த இவ்விளையாட்டு, இருவர் ஆடும்போது மேலும் சிறக்கிறது என்பது நம் முடிபு.

எனவே, தமக்குப் பிடித்த விளையாட்டை நண்பருக்குக் காட்ட விழையும் அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. விடையைச் சொல்லாதீர்கள், ஆனால் அவர் ஏன் தயங்குகிறார் என்பதைக் கேட்டறியாமல் இருக்காதீர்கள். புலனுக்கு எட்டாததை எட்டச் செய்வது உதவி; அறிவுக்கு எட்டுவதைத் தட்டிப்பறிப்பது உதவியன்று. இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை விளையாட்டு சொல்லாது, நண்பர்தான் சொல்வார். அவர் சொல்லத் தயங்கினால் நாம்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த மறுநாள் அவருடைய நோட்டுப் புத்தகத்தை ஒருமுறை பார்க்கக் கேட்டோம். படங்களும் எண்களும் அம்புக்குறிகளும் நிறைந்து ஏறத்தாழ நாற்பது பக்கங்கள் இருந்தன. கையில் கொடுத்துப் பார்க்கவிட்டு, உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். 'என் பேத்தி விடுமுறைக்கு வருகிறாள். அவள் கண்ணில் இது படக்கூடாது' என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவளுக்குச் செவி நன்றாகவே கேட்கும் என்றும், இருந்தாலும் அருகிலேயே உட்கார்ந்திருக்கப் போவதாகவும் சொன்னார்.